செராமிக்கா போர்சலினா: டைல்ஸ் கடைக்குப் போகும் முன் படித்துவிட்டுப் போங்கள்

போன மாதம் தங்கை வீட்டுக்கு டைல்ஸ் பார்க்க லால்பாக் பக்கத்தில் இருக்கிற சித்தையா ரோட்டுக்குப் போயிருந்தோம். பெங்களூரில் வீடு கட்டுகிறவர்கள், பாத்ரூமை இடித்து மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது ஏறி இறங்கும் தெரு அது. நாலாவது கடையில் அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. "அக்கா, செராமிக்கா போர்சலினா, எது நல்லது, அதை மட்டும் சொல்லு, வாங்கிட்டுக் கிளம்பலாம்" என்றாள்.

என் பதில் இதுதான்: வீட்டுக்குள் சுவருக்கு செராமிக், தரைக்கு போர்சலின், சுவரில் மிச்சமாகிற பணம் முழுவதும் ஒட்டுகிற வேலைக்கு. எது உசத்தி என்று பார்த்து வாங்கினால் கட்டாயம் ஏதாவது ஒரு அறையில் தப்பாகும். நான் இரண்டு பக்கமும் தப்பு செய்து பார்த்தவள். ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 சைட்டில் எங்கள் வீடு, கட்டும்போது சமையலறைத் தரைக்கு ஒரு கடையில் "விட்ரிஃபைடுதான் மேடம்" (போர்சலினுக்கு நம் கடைகளில் அதுதான் பெயர்) என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கினேன். ஆறே மாதத்தில் தோசைக்கல் கை நழுவி விழுந்த இடத்தில் மேல் பூச்சு பெயர்ந்து உள்ளே செக்கச் செவேலென்று மண் தெரிந்தது. பத்து வருஷம் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன். அடுத்து மாடி பாத்ரூம் போட்டபோது, இனி செராமிக்கே வேண்டாம் என்று சுவருக்கும் சேர்த்து கனமான விட்ரிஃபைடு வாங்கி, வழக்கம்போல சிமென்ட் பால் தடவி ஒட்டச் சொன்னேன். இரண்டாவது மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை வாஷ்பேசினுக்கு மேலிருந்து ஒரு டைல் அப்படியே கழன்று விழுந்தது. அம்மா பல் தேய்க்க எழுந்து வருகிற நேரம் அது. அன்றைக்கு அவர் பத்து நிமிஷம் தாமதமாக எழுந்தார் என்பதால் தப்பித்தோம்.

அதனால் இதை நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, தண்ணீர் அதன் வழியே கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. அதே பானைக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் கோப்பையை வையுங்கள். அதுவும் மண்தான், ஆனால் ஒரு சொட்டு கசியாது, ஏனென்றால் மண் வேறு, சூடும் வேறு. செராமிக் டைல் பானையின் சாதி, மேலே மட்டும் கண்ணாடி போல ஒரு பூச்சு. போர்சலின் பீங்கானின் சாதி: வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், மணல் எல்லாம் நைசாக அரைத்து, அதிக அழுத்தத்தில் அச்சடித்து, 1200 டிகிரி வாக்கில் சுடும்போது உள்ளே இருக்கிற பொருள்கள் பாதி உருகி இடைவெளியை எல்லாம் அடைத்துவிடுகின்றன.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை வைத்துத்தான் உலகம் முழுக்க டைல்ஸைப் பிரிக்கிறார்கள். ஐஎஸ்ஓ 13006 என்று ஒரு தரவிதி, நம் ஊரில் அதற்கு ஐஎஸ் 15622. அச்சடித்த டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாவிட்டால் அது குரூப் பி ஒன் ஏ, அதாவது போர்சலின். 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சினால் குரூப் பி த்ரீ, அது சுவர் டைல். ஒரு கிலோ எடையுள்ள சுவர் டைல் 100 கிராமுக்கு மேல் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதே எடை போர்சலின் 5 கிராமைத் தாண்டாது. நடுவில் 3 சதவீதம், 6 சதவீதம் என்று சில வகைகள் உண்டு, 'செராமிக் ஃப்ளோர் டைல்' என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்த நடுவகைதான்.

கடையில் போய் போர்சலின் என்று கேட்டால் சிலர் வேறு எதையோ காட்டுவார்கள், விட்ரிஃபைடு என்று கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் அதுதான் புழங்கும் பெயர். சரக்கில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது, லாரி ஏறி இங்கே வந்து சேர்வதற்குள் ஒரே டைலுக்கு மூன்று பெயர் ஆகிவிடும். பெயரை விடுங்கள், அட்டைப்பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள். அளவு, ஷேடு, பேட்ச் எண், பிரீமியமா ஸ்டாண்டர்டா என்கிற தரம், குரூப், எத்தனை சதவீதம் உறிஞ்சும் என்பதெல்லாம் அங்கேதான் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். ஷோரூமில் சுவரில் மாட்டியிருக்கிற ஒற்றை டைலைப் பார்த்து முடிவு செய்யாமல், "பெட்டியைக் காட்டுங்க அண்ணா" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம், தெரு முழுக்கக் கடைதான்.

பெட்டி இல்லையென்றாலும் வழி இருக்கிறது. சாம்பிள் டைலைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் பத்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும்தானே. செராமிக் என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு பரவி, இடம் கருத்து, ஒரு நிமிஷத்துக்குள் காணாமல் போய்விடும். விட்ரிஃபைடு முதுகில் சொட்டு அப்படியே முத்து மாதிரி உட்கார்ந்திருக்கும், துணியால் துடைத்தால் போய்விடும். உடைந்த துண்டு ஏதாவது கிடைத்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், மேல் பூச்சுக்கும் உடம்புக்கும் நிறம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பளிச்சென்று நாளைக்குச் சில்லு பெயர்ந்தால் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் விட்ரிஃபைடு 'டிங்' என்று மணி மாதிரி கேட்கும், செராமிக் 'டொக்' என்று முடிந்துபோகும். இதையெல்லாம் நான் செய்யும்போது தங்கை கூச்சப்பட்டுத் தள்ளி நின்றாள், அதற்கப்புறம் மூன்றாவது கடையில் அவளே பாட்டிலை எடுத்தாள்.

இப்போது எங்கே எது என்பதற்கு வருவோம். இதில் பாத்ரூம்தான் முக்கியம், அங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 அடிக்கு 7 அடி பாத்ரூம் என்றால் தரை வெறும் 35 சதுர அடி. சுவர் 7 அடி உயரத்துக்கு ஒட்டினால், சுற்றளவு 24 அடி, பெருக்கினால் 168, கதவைக் கழித்தால் 150 சதுர அடி. தரையைப் போல நாலு மடங்குக்கு மேல் சுவர்! அந்தச் சுவரில் யாரும் நடக்கப்போவதில்லை, தோசைக்கல் விழப்போவதில்லை, நாற்காலி இழுபடப்போவதில்லை. தண்ணீர் படும், ஆனால் மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சு அதை உள்ளே விடாது. அங்கே செராமிக் தாராளமாகப் போதும். எடை குறைவு, விலை குறைவு, கலவையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், குழாய்க்கும் கெய்சருக்கும் டவல் கம்பிக்கும் ஓட்டை போடுவது சுலபம். விட்ரிஃபைடில் ஓட்டை போட வைரமுனை பிட் வேண்டும், தண்ணீர் விட்டு நிதானமாகப் போட வேண்டும். சாதாரண டிரில்லை வைத்து அழுத்தினால் டைல் விரிசல் விடும், இல்லையென்றால் பிட் மழுங்கும்.

பாத்ரூம் தரைக்கு மட்டும் விட்ரிஃபைடு, அதிலும் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், அதிலும் சின்ன அளவு. 300க்கு 300 மில்லிமீட்டர், அதாவது கடையில் அடிக்கணக்கில் 1க்கு 1 என்பார்கள். ஏன் சின்ன அளவு என்றால், பாத்ரூம் தரைக்கு வாட்டம் வேண்டும், நாலு பக்கமிருந்தும் தண்ணீர் ஒரே ஓட்டைக்கு ஓடி வர வேண்டும். 4க்கு 2 பெரிய டைலை வளைக்க முடியுமா? வெட்டி வெட்டித்தான் போட வேண்டும், அப்படியும் மூலையில் தண்ணீர் தேங்கும். சின்ன டைலில் ஜாயின்ட் அதிகம், அந்த ஜாயின்ட்டே காலுக்குப் பிடிமானமும் கொடுக்கும். வழுக்கலுக்கு ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், எண் ஏற ஏறப் பிடிமானம் அதிகம். பாத்ரூமுக்கு ஆர் 10க்குக் குறையாமல் பாருங்கள். ஆனால் அந்தச் சோதனை சாய்தளத்தில் எண்ணெய் ஊற்றி ஷூ போட்ட காலோடு நடந்து எடுப்பது, நாம் பாத்ரூமில் சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கிறோம். அதனால் சாம்பிளைத் தரையில் வைத்து, ஈரமாக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையே கூட்டிப்போய் நிற்கச் சொல்லுங்கள். எங்கள் அம்மா நின்று பார்த்து மூன்றை வேண்டாம் என்றார், நாலாவதைத்தான் வாங்கினோம்.

பெங்களூருக்கென்று இன்னொன்று இருக்கிறது, போர்வெல் தண்ணீர். காவேரிக் குழாய் வராத பேட்டைகளில் போரும் டேங்கர் லாரியும்தான், உப்பு அதிகம். கறுப்பு, கடல்நீலம் என்று அடர்ந்த நிறத்தில் பளபளப்பான டைல் போட்டால் ஒரு மாதத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், தினமும் துடைத்தாலும் விழும். இள நிறமாக, மேட்டாக எடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. உப்பு படிந்துவிட்டதே என்று ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், தயவுசெய்து. ஆசிட் முதலில் தின்பது ஜாயின்ட்டில் இருக்கிற சிமென்ட்டைத்தான், அங்கே குழி விழுந்தால் தண்ணீர் கீழே இறங்கும், கீழ் வீட்டு மேல்தளத்தில் ஈரம் காட்டும். வினிகரோ எலுமிச்சையோ தேய்த்து, கொஞ்ச நேரத்தில் நன்றாகக் கழுவிவிட்டு, குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை ஒருதரம் வழித்துவிடுங்கள், அது போதும்.

சமையலறையிலும் அதே பாகுபாடுதான். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு செராமிக், பளபளப்பாக இருந்தால் தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெயைத் துடைப்பது சுலபம். மேடுபள்ளமாக டிசைன் இருக்கிற டைல் அங்கே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தரைக்கு விட்ரிஃபைடு, காஸ் சிலிண்டரை உருட்டுவோம், கிரைண்டரை நகர்த்துவோம், குக்கர் மூடி விழும். ஹால், படுக்கையறைத் தரைகளும் விட்ரிஃபைடுதான். படுக்கையறைக்கு செராமிக் ஃப்ளோர் டைல் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டால், அதிகம் நடமாட்டம் இல்லாத அறை என்றால் போடலாம், ஆனால் ஹாலும் அறையும் ஒரே தரையாக ஓடுகிற அழகு போய்விடும். பால்கனி, வாசல், மாடிப்படி எல்லாம் மழையும் வெயிலும் மாறி மாறி விழும் இடம், அங்கே செராமிக் பேச்சே எடுக்காதீர்கள், மேட் விட்ரிஃபைடு. வாசலில் கோலம் போடுகிறவர்கள் கொஞ்சம் சொரசொரப்பாக எடுங்கள், மாவு நிற்கும். வழுவழுப்பில் காற்றடித்தால் கோலம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது.

விட்ரிஃபைடு என்று முடிவு செய்ததும் கதை முடிவதில்லை, அதிலேயே நாலு வகை இருக்கிறது. முழு உடம்பும் ஒரே நிறமாக இருப்பது ஃபுல் பாடி, எங்கே சில்லு பெயர்ந்தாலும் தெரியாது, விலை அதிகம். டபுள் சார்ஜ் என்பது மேலே 3, 4 மில்லிமீட்டருக்கு நிறத்தூளையே சேர்த்து அழுத்தியது, தேய்ந்தாலும் டிசைன் போகாது, ஹாலுக்கும் கடைக்கும் ரொம்ப ஏற்றது. ஆனால் டிசைன் பெரும்பாலும் புள்ளி, தூவல் மாதிரிதான் வரும். ஜிவிடி என்பது விட்ரிஃபைடு உடம்பின் மேல் படம் அச்சடித்து அதற்கு மேல் கண்ணாடிப் பூச்சு பூசியது, மரம் மாதிரி, பளிங்கு மாதிரி என்று என்ன வேண்டுமோ கிடைக்கும், பாலிஷ் போட்டால் பிஜிவிடி. இதில் நிறம் மேலே மட்டும்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தேய்மானத்துக்கு பிஇஐ என்று 1 முதல் 5 வரை எண் இருக்கும், வீட்டுத் தரைக்கு 3, நடமாட்டம் அதிகமுள்ள ஹாலுக்கு 4 என்று கேட்டு வாங்குங்கள். கடைசியாக சால்யூபிள் சால்ட், நானோ பாலிஷ் என்றெல்லாம் சொல்லி விலை மலிவாகக் கொடுக்கும் வெள்ளை 2க்கு 2. அதைப் பாலிஷ் போடும்போது மேல்தோல் சீவப்பட்டு நுண்துளைகள் திறந்துவிடும், நானோ பூச்சு அவற்றை அடைத்து வைத்திருக்கும், பூச்சு தேயத் தேய டீயும் மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கும். கார்த்திகை தீபத்துக்கு அகல் வைக்கிற வீட்டில், வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் புழங்குகிற பூஜை இடத்தில் இதைப் போட்டால் கறை நிரந்தரம். சாம்பிள் துண்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கி, ஒரு ஓரத்தில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, இன்னொரு ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி வைத்துக் காலையில் கழுவிப் பாருங்கள். ஒரு டைலைப் பற்றி அந்த ஒரு ராத்திரி சொல்லுகிற அளவு எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

சரி, வாங்கியாச்சு. இனிமேல்தான் பாதி வீடுகள் கோட்டை விடுகின்றன.

தங்கை வீட்டு வேலைக்கு வந்த மேஸ்திரி தர்மபுரிக்காரர், இருபது வருஷமாக இந்த ஊரில் டைல்ஸ் ஒட்டுகிறார். அவர் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து சுவர் டைல்ஸை உள்ளே இறக்கினார். இறக்கியதும் பாருங்கள், டைல் முதுகிலிருந்து சரம் சரமாகக் குமிழ் கிளம்பியது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு சத்தம்கூட வந்தது. துளையில் இருந்த காற்று வெளியே வருகிறது, தண்ணீர் உள்ளே போகிறது. "இது தண்ணி குடிச்சு முடிக்கணும்க்கா, இல்லன்னா சுவத்துல ஒட்டுனதும் கலவையில இருக்கிற தண்ணியக் குடிச்சிரும், சிமென்ட் செத்துப்போயிரும்" என்றார். குமிழ் நின்றதும் எடுத்து, ஈரம் சொட்டாமல் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்துவிட்டு ஒட்டினார். நான் ஆர்வத்தில் ஒரு தரை விட்ரிஃபைடு துண்டை அதே டிரம்மில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. நாலைந்து குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

என் பாத்ரூமில் டைல் விழுந்த காரணம் அந்த டிரம்மில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. செராமிக் சிமென்ட் பாலை உள்ளே இழுத்துக்கொண்டு அதோடு கட்டிப்போகிறது. விட்ரிஃபைடு எதையும் இழுப்பதில்லை, சிமென்ட் அதன் முதுகில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, வெயிலிலும் குளிரிலும் கட்டடம் விரிந்து சுருங்கும்போது ஒருநாள் விட்டுவிடுகிறது. அதனால் விட்ரிஃபைடு என்றால் பாலிமர் கலந்த டைல்ஸ் அட்ஹெசிவ், அதாவது ஒட்டுப் பசைதான், அதற்கு ஐஎஸ் 15477 என்று தரவிதி இருக்கிறது, மூட்டையில் டைப் எண் போட்டிருக்கும். டைப் 1 செராமிக்குக்குப் போதும், விட்ரிஃபைடு தரைக்கு டைப் 2, பெரிய அளவை சுவரில் ஒட்டுவதானாலும் வெளிச்சுவர் என்றாலும் டைப் 3க்குக் குறையக் கூடாது. 20 கிலோ மூட்டை 3 மில்லிமீட்டர் கனத்தில் தடவினால் 45, 50 சதுர அடிக்கு வரும், சுவரில் மிச்சம் பிடித்த பணம் இங்கேதான் போக வேண்டும். செராமிக்கையும் அட்ஹெசிவில் ஒட்டலாம், நல்லதுதான், அப்போது ஊறவைக்கத் தேவையில்லை, தூசியைத் துடைத்தால் போதும்.

அட்ஹெசிவ் பள்ளத்தை நிரப்புகிற சாமான் இல்லை. தரை முதலில் மட்டமாகப் பூசி ஆற வேண்டும், அதன்மேல் பல் வைத்த கரண்டியால் கோடு கோடாகத் தடவி, டைலின் முதுகிலும் மெல்லிசாக ஒரு தடவு தடவி வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் நாலு மூலையிலும் நடுவிலும் பொட்டு வைத்த மாதிரி ஐந்து உருண்டை வைத்து அழுத்திவிட்டுப் போவார்கள். மேலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், உருண்டைக்கு நடுவே காலி, அந்த இடத்தில் சிலிண்டர் இறங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த விட்ரிஃபைடும் உடையும். முதல் பத்து டைல் ஒட்டும்போது கூடவே நில்லுங்கள், வைத்த ஒரு டைலை அப்போதே கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள், முதுகு முழுக்க அட்ஹெசிவ் ஒட்டியிருக்க வேண்டும். நல்ல மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு நாணயத்தால் தரை முழுக்கத் தட்டிப் பார்த்து, 'டொம்' என்று கேட்கிற டைலில் எல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள், ஜாயின்ட் அடைப்பதற்கு முன்னால் மாற்றினால்தான் உண்டு.

ஜாயின்ட் இல்லாமல் ஒட்டச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள், பார்க்க ஒரே பலகை மாதிரி இருக்கும் என்று. வேண்டாம். டைலுக்கு டைல் இடைவெளி விட 2 மில்லிமீட்டர் ஸ்பேசராவது வையுங்கள், விரிவதற்கு இடமில்லாமல் தரை நடுவில் கூடாரம் மாதிரி எழும்பி நின்ற வீடுகள் இருக்கின்றன. ஜாயின்ட்டை அடைக்க பாத்ரூம் தரைக்கும் சமையலறைக்கும் எபாக்ஸி க்ரௌட் போடுங்கள், மஞ்சள் ஏறாது, ஆனால் போட்ட உடனே மிச்சத்தை ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் டைல் முகத்தில் பால் ஆடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். 4க்கு 2 டைலைச் செங்கல் மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி வைக்கச் சொல்லாதீர்கள், நீள டைல் நடுவில் லேசாக வளைந்திருக்கும், ஒன்றின் நடுவும் மற்றதன் ஓரமும் பக்கத்தில் வந்தால் விளிம்பு காலைத் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் சரியாக வரும். இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தால் வளைவு எவ்வளவு என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

பாத்ரூமில் டைல் போட்டாச்சு, தண்ணீர் இறங்காது என்று நினைப்பதும் தப்பு. போர்சலின் 0.5 சதவீதம்தான் குடிக்கும், சரி, ஆனால் தண்ணீர் போவது டைல் வழியாக அல்ல, ஜாயின்ட் வழியாக, குழாய் ஓரம் வழியாக. கீழே வாட்டர் ப்ரூஃபிங் தனியாகச் செய்து, ஓட்டையை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்துப் பார்த்த பிறகுதான் டைல்.

இனி கணக்கு. 600க்கு 600 பெட்டியில் வழக்கமாக நாலு டைல், கடைக்காரர் 2க்கு 2 என்பதால் 16 சதுர அடி என்று போடுவார். 600 மில்லிமீட்டர் முழு இரண்டடி இல்லை, 23.6 அங்குலம், ஆக ஒரு பெட்டி 15.5 சதுர அடிதான். 12க்கு 15 ஹால் 180 சதுர அடி, வெட்டுச் சேதத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 198, 15.5ஆல் வகுத்தால் 13 பெட்டி. 16 என்று பில் போட்டால் 13 பெட்டிக்கு ஆறரை சதுர அடிக்குக் கூடுதலாகப் பணம் கட்டுகிறீர்கள். சுவரின் அடியில் ஓடுகிற பட்டையான ஸ்கர்ட்டிங்கைத் தனியாகக் கணக்கிடுங்கள். மூலைவாட்டாகப் போடுவதானால் சேதம் 15 சதவீதம் வரை போகும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள், வேறு பேட்ச் வந்திருந்தால் அதே லாரியில் திருப்பி ஏற்றிவிடுங்கள், ஒட்டிய பிறகு நிற வித்தியாசத்தை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு வகையிலும் நாலைந்து டைலாவது பரணில் போட்டு வையுங்கள், மேலே பெட்டியின் லேபிளைக் கிழித்து ஒட்டி. இரண்டு வருஷம் கழித்துக் கடைக்குப் போனால் அந்த டிசைன் இருக்காது. தங்கை வீட்டில் குடிபோய் இருபதாவது நாளே ப்ளம்பர் வந்து கெய்சர் குழாய்க்காக ஒரு சுவர் டைலை உடைத்தார். பரணிலிருந்து ஒன்று எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டு, குமிழ் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, மேஸ்திரி அரைமணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.